புதையிலக்கின் இடங்குறித்தல்: உலோகங்காணிச் சுருள்களின் வடிவமும் வட இலங்கையின் மிதிவெடி அகற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

மண்ணுள் உலோகம் உண்டு என அறிதலும், அது எவ்விடத்தில் உள்ளது எனச் சுட்டுதலும் ஒரே கருவியால் நிகழ்த்தப்படினும் இருவேறு செயல்களாகும். முதலாவதற்கு ஏற்ற கம்பிச்சுருள் இரண்டாவதற்கு ஏற்றதாக அமைவதில்லை. சுருளின் விட்டமும் வடிவமும் இடங்குறித்தலின் துல்லியத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை மின்காந்தத் தூண்டலின் அடிப்படையில் விளக்குகிறது. வட இலங்கையின் மிதிவெடி அகற்றும் பணி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. உலோகங்காணி சுட்டும் புள்ளி வெடியின் இடமன்று, வெடியிலுள்ள உலோகத்தின் இடமே என்பதும், அகழ்வைத் தொடங்கும் எல்லையை இவ்வேறுபாட்டைக் கருதியே வகுக்க வேண்டும் என்பதும் கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: உலோகங்காணி, கம்பிச்சுருள், இடங்குறித்தல், சுழல் மின்னோட்டம், மிதிவெடி, முகமாலை.

1. முன்னுரை

இலங்கையின் வடபகுதியில் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பணி 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை ஒட்டி விரிவடைந்தது. 2009இல் போர் முடிந்தபின் பெருமளவில் முன்னெடுக்கப்பட்டது. இலங்கை இராணுவத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவுடன் ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் முதலிய அமைப்புகளும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. இவற்றில் வடபகுதியைச் சேர்ந்த பெண்களும் பணியாளராக உள்ளனர். ஆளெதிர் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது.

இப்பணியில் தலையாய கருவி கையில் ஏந்தும் உலோகங்காணியாகும். அதன் ஒலி எழுந்தவுடன் தேடல் முடிவதில்லை. அவ்விடத்திலேதான் மண்ணை அகழும் ஆபத்தான பணி தொடங்குகிறது. எந்தப் புள்ளியை நோக்கி, எவ்வளவு தூரத்திற்கு முன்னிருந்து அகழ வேண்டும் என்பதை உலோகங்காணியின் குறிப்பே முடிவுசெய்கிறது. இடங்குறித்தலில் 5 செ.மீ. பிழை நேர்ந்தால் ஐயத்திற்குரிய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 79 சதுர செ.மீ.; பிழை 10 செ.மீ. ஆனால் பரப்பு 314 சதுர செ.மீ. பிழை இருமடங்காகும்போது அகழவேண்டிய நிலம் நான்கு மடங்காகிறது. ஆயிரக்கணக்கான ஒலிக்குறிப்புகளைச் சந்திக்கும் நிலத்தில் இது காலத்தையும் உழைப்பையும் பாதுகாப்பையும் ஒருங்கே பாதிக்கும் வேறுபாடாகும்.

2. தூண்டலின் அடிப்படை

உலோகங்காணியின் செயற்பாடு மூன்று படிகளைக் கொண்டது. மாறும் மின்னோட்டம் பாயும் செலுத்துச்சுருள் தன்னைச் சுற்றி மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தை ஊடுருவும்போது அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அம்மின்னோட்டங்கள் தமக்குரிய இரண்டாம் நிலைக் காந்தப்புலத்தை உருவாக்க, அதனை ஏற்புச்சுருள் உணர்கிறது. தொடர் அலையால் இயங்கும் கருவிகளில் செலுத்தலும் ஏற்றலும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. துடிப்பு முறைக் கருவிகளில் மின்னோட்டம் திடீரென நிறுத்தப்பட்டு, அதன்பின் உலோகத்தில் எஞ்சித் தேயும் சுழல் மின்னோட்டத்தின் எதிரொலி கேட்கப்படுகிறது. அதனால் செலுத்தவும் ஏற்கவும் ஒரே சுருளைப் பயன்படுத்த இயலும்.

இக்கருவியின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற முதல் முயற்சியே இடங்குறித்தலின் தோல்வியாக அமைந்தது. 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாந்தர் கிரகாம் பெல் தூண்டல் தராசு எனும் கருவியைக் கொண்டுவந்தார். கருவி உலோகத்தை உணரும் ஆற்றல் உடையதே. ஆயினும் படுக்கையிலிருந்த எஃகுச் சுருள்கள் குறிப்பைக் குழப்பின. மருத்துவர் கருதிய வலப்பக்கத்திலேயே தேடலும் நிகழ்ந்தது. செப்டம்பர் 19 அன்று கார்பீல்டு இறந்தபின் நிகழ்ந்த உடற்கூற்று ஆய்வில் குண்டு இடப்பக்கத்தில் இருந்தமை தெரியவந்தது. உலோகத்தை உணர்வது ஒன்று, எந்த உலோகம் எங்குள்ளது எனப் பிரித்துச் சுட்டுவது வேறொன்று என்பதற்கு இந்நிகழ்வு தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது போலந்து அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கையேந்து கருவி 1942இல் எல் அலமெயின் களத்தில் பயன்பட்டது. அக்கால வெடிகளுள் பல உலோக உடல் கொண்டவை. பின்னர் நெகிழி உடலும் மிகச்சிறு உலோகப் பகுதியும் கொண்ட வெடிகள் பரவியதால் சுருளின் வடிவம் பற்றிய சிக்கல் கூர்மையடைந்தது.

3. சுருளின் விட்டமும் இலக்கின் ஆழமும்

பெரிய சுருள் ஆழமாகக் காணும் என்பது பொதுவான கூற்று. அது பாதி உண்மையே. வட்டச்சுருளின் அச்சில் ஒரு புள்ளியில் உள்ள காந்தப்புலம் ஆரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும், ஆர வர்க்கமும் தொலைவு வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையின் ஒன்றரை அடுக்கிற்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. ஒரே சுருள் செலுத்தியும் ஏற்றும் செயற்படும்போது இவ்விளைவு இருமுறை பெருக்கப்படுகிறது. ஆகவே ஆரத்தைவிட ஆழம் மிகப் பெரிதாக இருக்கும் நிலையில், எதிரொலி ஆழத்தின் ஆறாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆழம் இருமடங்கானால் எதிரொலி 64இல் ஒரு பங்காகிறது.

சுற்றுகளின் எண்ணிக்கையும் மின்னோட்டமும் சமமான இரு சுருள்களை ஒப்பிடலாம். ஒன்றன் விட்டம் 20 செ.மீ., மற்றதன் விட்டம் 40 செ.மீ. என்க. மண்ணின் குறுக்கீட்டை நீக்கிக் கணக்கிட்டால், மையத்திற்கு நேர்கீழே 5 செ.மீ. ஆழத்திலுள்ள சிறு இலக்கிற்குச் சிறிய சுருள் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வலிய எதிரொலி தருகிறது. ஆழம் 10 செ.மீ. அளவில் இரண்டும் சமமாகின்றன. 30 செ.மீ. ஆழத்தில் பெரிய சுருள் ஏழு மடங்கு விஞ்சுகிறது. குறித்த ஆழத்தில் மிகுந்த புலம் தரும் சுருளின் ஆரம், அவ்வாழத்தின் ஏறத்தாழ 1.4 மடங்காகும். இங்கு ஆழம் என்பது நிலமட்டத்திலிருந்து அன்று, சுருளின் தளத்திலிருந்து அளக்கப்படுவது. செடி, கல், மேடுபள்ளம் காரணமாகச் சுருள் உயர்த்திப் பிடிக்கப்பட்டால் அந்த உயரமும் ஆழத்துடன் சேர்கிறது.

இடங்குறித்தலுக்கு இன்னொரு விளைவு முதன்மையானது. மேலோட்டமாகப் புதைந்த சிறு இலக்கின் மீது பெரிய சுருள் செல்லும்போது, மையத்தைவிடக் கம்பிச்சுற்றின் நேர்கீழே புலம் வலிதாகிறது. மேற்கூறிய 40 செ.மீ. சுருளுக்கு 5 செ.மீ. ஆழத்தில் கம்பியடி எதிரொலி மைய எதிரொலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே ஒரே இலக்கிற்கு இரு உச்சங்கள் கேட்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சுருள் மையத்தின் இடமாகக் கருதுவோர் 20 செ.மீ. அளவிற்குப் பிழைபடுவர். 20 செ.மீ. சுருளில் அதே ஆழத்திற்கு இவ்விரட்டிப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மிதிவெடி அகற்றும் கருவிகளின் தலை பொதுவாக 20 முதல் 30 செ.மீ. அளவில் அமைவதன் காரணத்தை இங்குக் காணலாம்.

4. சுருள் வடிவங்களும் அவற்றின் உணர்பரப்பும்

4.1 ஒற்றைச்சுருள்

துடிப்பு முறைக் கருவிகளில் பெரிதும் பயன்படும் இவ்வடிவத்தின் உணர்பரப்பு, ஆழம் செல்லச்செல்லக் குறுகும் தலைகீழ்க் கூம்பை ஒத்தது. நிலமட்டத்தில் சுருளின் முழு அகலமும் உணரும். கருவியின் எல்லை ஆழத்தில் மையத்தை ஒட்டிய சிறு வட்டமே உணரும். இதிலிருந்து இரு விளைவுகள் பிறக்கின்றன. தேடும்போது ஒரு வீச்சு முந்தைய வீச்சின் மேல் படியுமாறு நகர்த்தாவிடில், கூம்புகளுக்கு இடையே ஆழத்தில் தேடப்படாத நிலம் எஞ்சும். இடங்குறிக்கும்போதோ இக்குறுகல் நன்மையாகிறது. சுருளைச் சற்று உயர்த்தினால் ஒலி கேட்கும் வட்டம் சுருங்கி மையம் தெளிவடைகிறது.

4.2 ஒருமையச் சுருள்

பெரிய செலுத்துச்சுருளின் நடுவே சிறிய ஏற்புச்சுருள் அமையும் வடிவம் இது. உச்சம் நடுவில் குவிவதால் இடங்குறித்தல் எளிது. எனினும் செலுத்துபுலம் அகன்ற மண்பரப்பைத் தூண்டுவதால், இரும்புத் தாதுக்கள் செறிந்த மண்ணில் மண்ணின் எதிரொலியும் மிகுகிறது.

4.3 இரட்டை ‘டி’ சுருள்

ஆங்கில ‘டி’ எழுத்தை ஒத்த இரு சுருள்கள், முதுகுப் பகுதிகள் ஒன்றன்மேலொன்று சற்றே படியுமாறு வைக்கப்படுகின்றன. ஒன்று செலுத்தும், மற்றது ஏற்கும். படியும் அளவைத் தக்கவாறு அமைத்தால் செலுத்துச்சுருளின் புலம் ஏற்புச்சுருளில் நிகரமாகச் சுழியாகி, இலக்கின் நுண்ணிய எதிரொலி மட்டும் வெளிப்படும். இதன் உணர்பரப்பு நடுக்கோட்டை ஒட்டி நீளும் கத்தியலகு போன்றது. ஒரு வீச்சில் நீண்ட பட்டை தேடப்படுவதாலும், மண்ணின் எதிரொலி குறைவதாலும் இது தேடலுக்கு நல்லது. இடங்குறித்தலில் வீச்சின் திசையில் மிகத் துல்லியமாகவும், அலகின் நீளத் திசையில் மங்கலாகவும் இருக்கும். ஆகவே ஒரு திசையில் மட்டும் வீசி இடத்தை முடிவுசெய்தல் தவறாகும். செங்குத்தான இரண்டாம் வீச்சு இன்றியமையாதது.

4.4 வேறுபாட்டுச் சுருள்

ஒரு செலுத்துச்சுருளுக்குள் இரு ஏற்பரைகள் எதிரெதிராக இணைக்கப்பட்டு, அவற்றின் வேறுபாடு மட்டும் அளக்கப்படும் அமைப்பு இது. சீரான மண் இரு அரைகளிலும் ஒரே அளவில் எதிரொலிப்பதால் அது தானாகவே கழிந்துவிடுகிறது. இலக்கு ஓர் அரையிலிருந்து மற்றதற்குக் கடக்கும்போது குறிப்பு நேரிலிருந்து எதிராக மாறுகிறது, நடுக்கோட்டில் சுழியாகிறது. உச்சம் மழுங்கிய மேடு போன்றது. சுழியோ கூரிய எல்லை. செவியால் உணர்வதற்கும் ஒலி மிகும் இடத்தைவிட ஒலி மாறும் இடமே தெளிவு. எனவே இடங்குறித்தலில் இவ்வடிவம் சிறப்பிடம் பெறுகிறது. ஆயினும் இதே பண்பு இடர்ப்பாட்டிற்கும் இடமாகிறது. இலக்கு நடுக்கோட்டின் வழியே நகர்ந்தால் ஒலியே எழாது. இரு அரைகளிலும் சமமாகப் படியும் நீண்ட கம்பி தன்னைத் தானே மறைத்துக்கொள்ளக்கூடும்.

4.5 பெருஞ்சட்டகச் சுருள்

ஒரு மீட்டரோ அதற்கு மேலோ பக்க அளவுள்ள சட்டகச் சுருள்கள் ஆழப் புதைந்த எறிகணைகளையும் விமானக்குண்டுகளையும் தேடப் பயன்படுகின்றன. இவை சிறிய உலோகத் துணுக்குகளைப் பொருட்படுத்துவதில்லை என்பது அவற்றின் நன்மை. மிதிவெடியின் சிறு உலோகத்தையும் அவை அவ்வாறே புறக்கணிக்கும் என்பதால், மிதிவெடி நிலத்தில் இவற்றின் மௌனம் பாதுகாப்பிற்குச் சான்றாகாது.

5. உச்சம் இலக்கிலிருந்து விலகும் நிலைகள்

உச்ச ஒலி கேட்குமிடமே உலோகத்தின் இடம் என்பது உருண்டை வடிவச் சிறு இலக்கிற்கும், நிலத்திற்கு இணையாகப் பிடித்த சுருளுக்கும் பொருந்தும் விதி. களத்தில் அது மூன்று வகையில் பிறழ்கிறது.

முதலாவது, இலக்கின் வடிவம். கிடையாகக் கிடக்கும் இரும்பாணி தன் நீளவாக்கில் அமையும் புலத்திற்கே மிகுந்து எதிரொலிக்கும். சுருளின் நேர்கீழே புலம் செங்குத்தாக உள்ளதால் ஆணியின் நடுவில் ஒலி தணிந்து, இரு முனைப்பக்கங்களிலும் இரு உச்சங்கள் எழும்.

இரண்டாவது, சுருளின் சாய்வு. சுருள் சாய்ந்தால் அதன் அச்சும் சாய்கிறது. 15 பாகைச் சாய்வில், 15 செ.மீ. ஆழத்திலுள்ள இலக்கு தோராயமாக 4 செ.மீ. விலகித் தோன்றும். வரம்பு, பதுங்குகுழியின் மண்ணணை முதலிய சரிவுகளில் இப்பிழை இயல்பாக நேர்வது.

மூன்றாவது, அயல் உலோகம். எறிகணைச் சிதறல், துப்பாக்கிரவைக் கோது, முட்கம்பி ஆகியவற்றின் வலிய எதிரொலி அருகிலுள்ள மிதிவெடியின் மெல்லிய எதிரொலியை மூடிவிடும். இரு இலக்குகளுக்கு இடையேயுள்ள தொலைவு சுருளின் விட்டத்தைவிடக் குறைவாயின் அவை ஒன்றாகக் கேட்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட வெற்றுநிலம் இலக்காகத் தோன்றுவதும் உண்டு. போரின் முன்னரங்காக நெடுங்காலம் இருந்த முகமாலையில் வெடிகளோடு உலோகச் சிதறல்களும் செறிந்திருந்தமையால் இச்சிக்கல் கடுமையானது. ஒலி ஓயாத இத்தகைய நிலங்களில் உலோகங்காணியை நம்பாமல், நீண்ட கைப்பிடியுள்ள பல்வாரியால் மேல்மண் முழுவதையும் படிப்படியாகச் சீய்த்தெடுக்கும் முறை இலங்கையில் பரவலாகக் கையாளப்படுகிறது. இடங்குறித்தல் இயலாதபோது நிலம் முழுவதுமே இலக்காகிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

6. மண்ணின் குறுக்கீடு

மண்ணும் ஓரளவு எதிரொலிக்கும் பொருளே. செம்மண்ணிலுள்ள நுண்ணிய இரும்பு ஆக்சைடு மணிகள் காந்தமேற்று, புலம் நின்றபின்னும் சிறிது நேரம் தயங்கித் தணிகின்றன. துடிப்பு முறைக் கருவி இத்தயக்கத்தை உலோகத்தின் எதிரொலி எனக் கொள்ள வாய்ப்புண்டு. புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று மணல் போன்ற கனிம மணலும், கடல்நீர் ஊறிய தாழ்நிலமும் வேறுவேறு வழிகளில் குறுக்கிடுகின்றன. முன்னது காந்தப் பண்பாலும், பின்னது மின்கடத்தலாலும் கருவியைக் குழப்புவது. மண்ணின் எதிரொலியை ஈடுசெய்யும் அமைப்பு இன்றைய கருவிகளில் உண்டு. ஆயினும் ஈடுசெய்தல் உணர்திறனின் ஒரு பகுதியை விலையாகக் கொள்ளக்கூடும். ஆகையால் கருவியின் திறன் ஆய்வகக் காற்றில் அளக்கப்பட்ட எண்ணால் அறியப்படுவதன்று. தேடவேண்டிய மண்ணிலேயே தேடவேண்டிய இலக்கைப் புதைத்துச் சோதித்தே அறியப்படும். 2003இல் வெளியான ஐரோப்பியப் பணிமன்ற உடன்பாடு 14747, மிதிவெடி அகற்றும் உலோகங்காணிகளை மண்ணிலும் காற்றிலும் சோதிக்கும் நெறிகளை வகுத்துள்ளது.

7. களத்தில் இடங்குறிக்கும் முறை

மேற்கூறிய பண்புகள் களநடைமுறையில் பின்வரும் ஒழுங்கைத் தோற்றுவிக்கின்றன.

(அ) ஒலி எழுந்ததும் வீச்சை நிறுத்தி, அதே இடத்தில் மீண்டும் வீசி ஒலி நிலையானதா என உறுதிசெய்தல். மண்ணின் குறுக்கீட்டால் எழும் ஒலி பெரும்பாலும் பரந்தும் எல்லையற்றும் கேட்கும்.

(ஆ) ஒலியற்ற பகுதியிலிருந்து இலக்கை நோக்கிச் சுருளை மெல்ல நகர்த்தி, ஒலி தொடங்கும் புள்ளியைக் காணல். முன், இடம், வலம், அப்பால் என நாற்புறமும் எல்லையை உணர்ந்தால் ஒலிப்பரப்பின் வடிவம் கிடைக்கும். பணியாளர் துப்புரவான பாதையிலேயே நிற்க, சுருள் மட்டுமே முன்னுள்ள நிலத்தின்மேல் செல்லும்.

(இ) செங்குத்தான இரு திசைகளில் வீசி, உச்சக் கோடுகளோ சுழிக் கோடுகளோ வெட்டும் புள்ளியை மையமாகக் கொள்ளல். இரட்டை ‘டி’, வேறுபாட்டுச் சுருள்களில் இரண்டாம் வீச்சிற்குக் கருவித்தலையின் திசையையும் திருப்புதல் வேண்டும்.

(ஈ) சுருளைச் சற்று உயர்த்தியோ உணர்திறனைக் குறைத்தோ மீண்டும் வீசி, சுருங்கிய ஒலிவட்டம் அதே மையத்தில் நிற்கிறதா எனச் சரிபார்த்தல். மையம் இடம்பெயர்ந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகள் உண்டென ஐயுறல் வேண்டும்.

அசைந்தால் மட்டுமே ஒலிக்கும் கருவிகளும், அசையாது வைத்தபோதும் ஒலிக்கும் கருவிகளும் உண்டு. முன்னவற்றில் எல்லையை மெதுவாக அணுகினால் ஒலி தேய்ந்து மறையும். ஆகவே நகர்வின் வேகம் மாறாதிருத்தல் வேண்டும். பின்னவை இடங்குறித்தலுக்கு வசதியானவை.

8. உலோகத்தின் இடமும் வெடியின் இடமும்

இதுவரை கூறப்பட்டவை அனைத்தும் முழுமையாக நிறைவேறினாலும், கருவி சுட்டுவது உலோகத்தின் மையத்தையே. வட இலங்கையில் காணப்படும் பாகிஸ்தான் வகைப் பி-4 வெடி நெகிழி உடலும் சிறிதளவு உலோகமும் கொண்டது. விடுதலைப் புலிகள் உருவாக்கிய ஜொனி 95 மரப்பெட்டியில் அமைந்தது. நெகிழியும் மரமும் வெடிமருந்தும் உலோகங்காணிக்கு இல்லாதவையே. வட்டமான சிறு வெடியின் நடுவில் உலோகம் இருப்பின் இரு மையங்களும் ஏறத்தாழ ஒன்றுபடும். பெட்டி வடிவ வெடியில் உலோகப் பகுதி ஓர் ஓரத்தில் இருப்பின், வெடியின் உடல் சுட்டிய புள்ளிக்கு அப்பாலோ, பணியாளரின் பக்கமாகவோ நீண்டிருக்கும். எப்பக்கம் நீண்டுள்ளது என்பதை எந்தச் சுருளும் கூறாது.

மிதிவெடி மேலிருந்து வரும் அழுத்தத்தால் வெடிப்பது. ஆகவே அதனைப் பக்கவாட்டில் அணுகி, சுவரை முதலில் வெளிப்படுத்துவதே அகழ்வின் நோக்கம். குத்தூசி நிலத்துடன் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செலுத்தப்படுவதும் இதன்பொருட்டே. அகழ்வு சுட்டிய மையத்திலிருந்து தொடங்குவதில்லை; ஒலிப்பரப்பின் அண்மை எல்லைக்கும் முன்னே ஓர் இடைவெளி விட்டுத் தொடங்குகிறது. அவ்விடைவெளி மூன்று ஐயங்களை ஒருங்கே தாங்க வேண்டும்: சுருளின் இடங்குறிப்புப் பிழை, சாய்வாலும் மண்ணாலும் வரும் பிழை, உலோகத்திற்கும் வெடியுடலின் விளிம்பிற்கும் உள்ள தொலைவு. முதல் இரண்டும் நல்ல சுருளாலும் பயிற்சியாலும் குறையும். மூன்றாவது, அந்நிலத்தில் எவ்வகை வெடி புதைக்கப்பட்டது என்னும் அறிவால் மட்டுமே குறையும். போரிட்ட தரப்புகளின் புதைப்புப் பதிவுகளும், முன்னர் மீட்கப்பட்ட வெடிகளின் அளவுகளும், ஊர்மக்களின் நினைவும் அவ்வறிவின் மூலங்களாகும்.

முடிவுரை

தேடலுக்கு அகன்ற உணர்பரப்பும் இடங்குறித்தலுக்குக் குறுகிய உணர்பரப்பும் தேவைப்படுகின்றன; ஒரே சுருள் இரண்டையும் உயர்ந்த அளவில் தருவதில்லை. சிறிய சுருள் மேலோட்டமான இலக்கிலும், பெரிய சுருள் ஆழ்ந்த இலக்கிலும் சிறக்கின்றன. ஒருமையச் சுருள் நடுவைத் தெளிவாகக் காட்டினும் மண்ணால் குழம்பும். இரட்டை ‘டி’ சுருள் மண்ணைத் தாங்கினும் ஒரு திசையில் மங்கும். வேறுபாட்டுச் சுருள் கூரிய எல்லை தரினும் நடுக்கோட்டில் ஊமையாகும். எனவே சுருளின் தேர்வு, எதிர்பார்க்கப்படும் வெடி, அதன் ஆழம், மண், சிதறல் உலோகத்தின் அடர்த்தி ஆகிய நான்கையும் ஒட்டி அமைதல் வேண்டும். குறைகளுள் பெரும்பாலானவை குறுக்கு வீச்சு, எல்லை காணல், உயர்த்திச் சரிபார்த்தல் ஆகிய கைமுறைகளால் ஈடுசெய்யப்படுகின்றன. கருவியால் ஈடுசெய்ய இயலாத எச்சம், உலோகத்திற்கும் வெடிக்கும் இடைப்பட்ட தொலைவாகும். அத்தொலைவைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்ட இடைவெளியே அகழ்வோரின் உயிர்க்காப்பாக அமைகிறது. ஆகவே சுருள்களின் பண்புகளைக் கற்பிக்கும் பயிற்சியும், அந்தந்த நிலத்தின் வெடிவகைகளைக் கற்பிக்கும் பயிற்சியும் தனித்தனியே அன்றி ஒன்றாகவே அமைதல் வேண்டும்.